மஞ்சளாகப் பூத்தால் கரிசலாங்கண்ணி ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. பெங்களூரில் உங்கள் அப்பார்ட்மென்ட் வளாகத்தில் தரை தெரியாமல் ஒரு செடி படர்ந்து கிடக்கிறது, சின்னச் சூரியகாந்தி போல மஞ்சள் பூ. ஃபோன் செயலியில் பார்த்தால் ‘வெடேலியா’ என்று காட்டுகிறது. வெடேலியா என்று தேடினால் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வருகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா மட்டும் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “பூ அதேதான், ஆனா இலை இவ்வளவு வழவழன்னு இருக்காதே” என்று தயங்குகிறார். இதைப் பறித்துச் சமைக்கலாமா, வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்கும் மஞ்சளுக்கும் பூ நிறம் மட்டும்தான் வித்தியாசமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: பூ ஒரே மாதிரி இருக்கும்போது எதை வைத்துச் செடியைப் பிரிப்பது? அதற்குத்தான் முக்கியமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சமைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை என்றே நினைக்கிறேன். அம்மாவின் விரல் சொன்னதுதான் சரி. நான் 28 ஆண்டுகள் இதே ஊரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். மாணவர்களை அழைத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை, ஹெசரகட்டா புல்வெளி, துரஹள்ளிக் காடு என்று சுற்றியதில் அதிகமாகத் திருத்த வேண்டியிருந்த தவறு இதுதான். பூவைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்கள், இலையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

பூ ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். இந்தச் செடிகள் எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் நாம் ‘ஒரு பூ’ என்று சொல்வது ஒரு பூ இல்லை, பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. ஓரத்தில் இதழ் போல நீட்டிக்கொண்டிருப்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அவற்றைக் கதிர் மலர்கள் என்போம். நடுவில் பொத்தான் போல நெருங்கி நிற்பவை தட்டு மலர்கள். கொத்துக்குக் கீழே பச்சையாகக் கிண்ணம் போலத் தாங்கிக்கொண்டிருப்பவை பூவடிச் செதில்கள். பூச்சிகளைக் கூப்பிட இந்த அமைப்பு நன்றாக வேலை செய்வதால், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இனங்கள் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் இருக்கின்றன. மேலிருந்து எடுத்த ஒரு மஞ்சள் முகத்தின் படம், இது இந்தக் குடும்பம் என்று சொல்லும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லாது.

இனி மூன்று செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று, நாம் கரிசலாங்கண்ணி, கையாந்தகரை, கரிசாலை என்றெல்லாம் சொல்கிற வெள்ளைப் பூச்செடி. கன்னடத்தில் கருகத சொப்பு. அறிவியல் பெயர் எக்லிப்டா ப்ராஸ்ட்ராட்டா. இரண்டாவது, மஞ்சள் கரிசலாங்கண்ணி. சித்த மருத்துவ வழக்கில் பொற்றலைக் கையாந்தகரை. இதன் இன்றைய பெயர் ஸ்ஃபாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. மூன்றாவது, உங்கள் வளாகத்தில் இருப்பதாக நான் நினைக்கும் அலங்காரச் செடி, ஸ்ஃபாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. பின்னிரண்டும் முன்பு வெடேலியா என்ற பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் குழுவுக்குள் இருந்தன. 1996இல் ப்ரூஸ்கி என்ற தாவரவியலாளர் இவற்றை ஸ்ஃபாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார். நர்சரிக்காரர்கள் இன்றும் பழைய பெயரையே சொல்கிறார்கள், செயலியும் அதையே காட்டியிருக்கிறது. வெடேலியா என்ற ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கும் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உங்கள் தேடல் தடம் மாறிப் போயிருக்கிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. வெள்ளை, மஞ்சள் என்று நாம் பெயரிட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அவை இரண்டும் ஒரே செடியின் இரண்டு நிறங்கள் போலத் தோன்றும், செம்பருத்தியில் சிவப்பும் வெள்ளையும் இருப்பது மாதிரி. அப்படி இல்லை. வெள்ளை ஒரு பேரினம், மஞ்சள் வேறு பேரினம். மஞ்சளுக்கு உண்மையான உடன்பிறப்பு, வெளிநாட்டிலிருந்து வந்து உங்கள் வாசலில் படர்ந்திருக்கும் அலங்காரச் செடிதான். ஆகவே வெள்ளையை மஞ்சளிலிருந்து பிரிப்பது சுலபம், மஞ்சளை அதன் உடன்பிறப்பிலிருந்து பிரிப்பதில்தான் கவனம் வேண்டும்.

அந்த உடன்பிறப்புகளுக்கு வருவோம். பூ இரண்டிலும் மஞ்சள், ஏறக்குறைய இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அகலம். கதிர் மலர்கள் இரண்டிலும் எட்டு முதல் பன்னிரண்டு, சில சமயம் ஒன்றிரண்டு கூடக் குறைய. கதிரின் நுனியில் சின்னச் சின்னப் பல் வெட்டு இரண்டிலும் உண்டு. நீளமான காம்பில் ஒற்றையாக நிற்பதும் இரண்டிலும் அப்படியே. அலங்காரச் செடியின் மஞ்சள் கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும். ஆனால் வெயிலும் கேமராவும் நிறத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் காட்டும், அதை நான் அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே பூவை விட்டுவிட்டு இலைக்குப் போங்கள்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது. வேல் போலவோ, நடுவில் சற்று அகன்ற நீள்வட்டமாகவோ இருக்கும். அடிப்பக்கம் மெல்ல ஒடுங்கித் தண்டோடு சேரும், தனியாக இலைக்காம்பு இருப்பதாகவே தெரியாது. விளிம்பு முழுமையாக இருக்கும். சில இலைகளில் மேலோட்டமாக ஒன்றிரண்டு பல் தெரியும், அதற்கு மேல் வெட்டு கிடையாது. இரண்டு பக்கமும் குட்டையான, படிந்த மயிர்கள். விரலை நுனியிலிருந்து அடிப்பக்கம் ஓட்டினால் பூனை நாக்கு போலச் சொரசொரக்கும். உங்கள் அம்மா தேடியது இந்தச் சொரசொரப்பைத்தான்.

அலங்காரச் செடியின் இலை தடித்தது, சதைப்பற்றானது, மேல்பக்கம் மினுமினுக்கும். நடுப்பகுதிக்கு மேலே அகன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் நீட்டிக்கொண்டு, பார்க்க வாத்தின் பாதம் போல இருக்கும். ட்ரைலோபாட்டா என்ற சொல்லுக்கே மூன்று மடல் கொண்டது என்றுதான் பொருள். விளிம்பில் ஒழுங்கில்லாத பற்கள் தெளிவாகத் தெரியும். உங்கள் படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு இலை இருக்கிறது. அதில் ஒரு மடல் நன்றாகவே தெரிகிறது, மினுமினுப்பும் இருக்கிறது. நான் முடிவுக்கு வந்தது அந்த அரை இலையை வைத்துத்தான், அந்த அழகான பூவை வைத்து இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ட்ரைலோபாட்டாவின் எல்லா இலையும் மூன்று மடலாக இருக்காது. தளிர்களிலும், பூக்காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் இலைகளிலும் மடல் விழாமல் சாதாரண நீள்வட்டமாக இருப்பது சகஜம். ஒரே ஒரு மேல் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து “பாருங்கள் சார், மடல் இல்லை, அப்போ மஞ்சள் கரிசலாங்கண்ணிதானே” என்று வாதாடிய மாணவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தரையோடு ஓடும் தண்டில், முதிர்ந்த கணுக்களில் இருக்கும் பத்து இலைகளையாவது பாருங்கள். அவற்றில் ஒன்றிலாவது தெளிவான மடல் இருந்தால் அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. பத்திலும் மடலே இல்லை, எல்லாம் ஒடுங்கிச் சொரசொரப்பாக இருக்கிறது என்றால் மஞ்சள் கரிசலாங்கண்ணியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உண்டு என்றுதான் சொல்கிறேன், உறுதி என்று சொல்லவில்லை. ஏனென்றால் இந்த இரண்டு இனமும் ஒன்றாக வளரும் தென் சீனாவில் இரண்டும் தானாகவே கலந்து இடைப்பட்ட செடிகள் உருவாகியிருப்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள். பாதி மடல், பாதி சொரசொரப்பு என்று இரண்டுங்கெட்டானாக ஒரு செடி கையில் கிடைத்தால், அதற்கு வாயால் பெயர் சொல்லாமல், உலர்த்திய செடிகளைச் சேகரித்து வைத்திருக்கும் ஹெர்பேரியத்துக்கு எடுத்துப் போவதுதான் முறை.

வளரும் இடமும் உதவும், ஆனால் துணைச் சாட்சியாக மட்டும். மஞ்சள் கரிசலாங்கண்ணி ஈரமான வரப்பு, வாய்க்கால் ஓரம் போன்ற இடங்களை விரும்பும் செடி. பெங்களூரில் யாராவது ஆசையாகத் தொட்டியில் வைத்திருந்தால் பார்க்கலாம். ட்ரைலோபாட்டா மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்க வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. தண்ணீர் குறைவாக இருந்தாலும் தாங்கும், சீக்கிரம் தரையை மூடும், வருஷம் முழுக்கப் பூக்கும் என்பதற்காக இந்த ஊரில் அடுக்ககம், பூங்கா, சாலை நடுத் திட்டு என்று எங்கும் நட்டிருக்கிறார்கள். ஒரு தோட்டக்காரர் திட்டமிட்டு வரிசையாக நட்ட மாதிரி தெரிந்தால், அது ட்ரைலோபாட்டாவாக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

சரி, வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்கு வருவோம். இதன் பூ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கதிர் மலர்கள் அகலமான இதழ்களாக இல்லாமல் நூல் நூலாக, நெருக்கமாக, ஒரு வெள்ளைக் குஞ்சம் போல இருக்கும். நடுத்தட்டும் வெள்ளைதான், மஞ்சள் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பூ முடிந்ததும் அந்த இடத்தில் தட்டையான பச்சைப் பொத்தான் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைப் பிரித்தால் கருமையான, மேலே மருமருவாக இருக்கும் விதைகள். அவற்றில் பறப்பதற்கான பஞ்சு இருக்காது. எக்லிப்டா என்ற பெயரே ‘குறைவுபட்டது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து, இந்தப் பஞ்சு இல்லாத காரணத்தால் வந்தது என்பார்கள்.

நம் பெயரோ அதைவிட நல்ல அடையாளத்தைக் கையில் கொடுக்கிறது. கரிசல், கரி. தண்டை ஒடித்து ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்துவிட்டுச் சில நிமிஷம் காத்திருங்கள். பச்சையாக இருந்த கறை காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். ஒடித்த தண்டின் வாயும் கறுக்கும். கரிசாலைச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, அந்தப் புகையைப் பிடித்துக் கண்மை செய்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். வகுப்பில் லென்ஸைக் கொடுப்பதற்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கொடுப்பேன். கை கறுத்துப்போன மாணவர் அந்தச் செடியை ஆயுளுக்கும் மறக்கமாட்டார். ஆனால் வாடிப்போன பழைய செடியில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், புதிதாகப் பறித்த இளந்தண்டில் செய்யுங்கள்.

இந்தச் செடி ஆளை ஏமாற்றும் இன்னொரு விதமும் உண்டு. ஏரிக்கரைச் சேற்றில் வளர்ந்தால் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து, செந்நிறத் தண்டும் விரல் நீள இலையுமாக இருக்கும். அதே செடி புல்வெட்டும் இயந்திரம் ஓடுகிற பூங்காவில் முளைத்தால், தரையோடு ஒட்டிக்கொண்டு நகக்கண் அளவு இலையோடு பூத்துவிடும். பழைய தாவரவியலாளர்களே நிமிர்ந்ததற்கு ஒரு பெயர், படர்ந்ததற்கு ஒரு பெயர், வெள்ளையாகப் பூத்ததற்கு ஒரு பெயர் என்று தனித்தனி இனங்களாக எழுதி வைத்தார்கள். இப்போது அவை எல்லாம் ஒரே இனத்துக்குள் வந்துவிட்டன. அதனால் உயரம், இலை அளவு, படர்கிறதா நிமிர்கிறதா என்பதை வைத்து இனம் பிரிக்காதீர்கள். தண்ணீரும் வெயிலும் மாற்றக்கூடிய குணங்கள் அவை. இலை மடல், மயிர், விதையின் மேற்பரப்பு, கதிர் மலரின் வடிவம் போன்றவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

பெங்களூரில் வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்று தவறாகப் பறிக்கக்கூடியவை மூன்று. முதலாவது வெட்டுக்காயப் பூண்டு, “தாத்தா தாத்தா தலையைக் கொடு” என்று சொல்லிக் குழந்தைகள் கட்டைவிரலால் சுண்டிவிடுவார்களே, அந்தத் தாத்தாப் பூ. அதன் காம்பு சாண் நீளம் இருக்கும், நடுத்தட்டு மஞ்சள், சுற்றிலும் வெளிறிய அகலக் கதிர்கள் பெரும்பாலும் ஐந்து, விதையில் பஞ்சு இருக்கும். இரண்டாவது கலின்சோகா, இந்த ஊரின் குளிர்ச்சிக்கு நன்றாக வளரும் களை. மஞ்சள் பொத்தானைச் சுற்றி மூன்று பல் கொண்ட ஐந்து குட்டி வெள்ளைக் கதிர்கள். கொஞ்சம் முன்பு நடுத்தட்டு வெள்ளை என்று மனதில் வைக்கச் சொன்னேனே, அது இந்த இரண்டையும் உடனே ஒதுக்கிவிடும். மூன்றாவது பார்த்தீனியம், இங்கே காங்கிரஸ் செடி என்பார்கள். இதில் தட்டும் வெள்ளைதான் என்பதால் அந்த அடையாளம் உதவாது, இலையைத்தான் பார்க்க வேண்டும். கேரட் இலை போலத் துண்டு துண்டாகப் பிளந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை ஒருபோதும் அப்படிப் பிளக்காது. பார்த்தீனியம் தோலில் கடுமையான அலர்ஜியை உண்டாக்கும். வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே அரிப்பு, மூச்சிரைப்பு இருந்தால் அதைக் கையால் தொடவே வேண்டாம்.

இவ்வளவு தூரம் வந்தபின் நீங்கள் கேட்கலாம்: வெள்ளையும் மஞ்சளும் வேறு வேறு பேரினம் என்றால், நம் முன்னோர் ஏன் ஒரே பெயரின் கீழ் வைத்தார்கள்? அது வெறும் தவறு இல்லை என்று நினைக்கிறேன். 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். செடியின் அப்போதைய பெயரை வைத்தே அதற்கு வெடலோலாக்டோன் என்று பெயர். அதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருக்கிறது. பூவையும் விதையையும் வைத்துப் பிரித்தவர்கள் இரண்டு என்றார்கள், பயனை வைத்துச் சேர்த்தவர்கள் ஒன்று என்றார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாரம்பரியம் அமெரிக்காவிலிருந்து வந்த ட்ரைலோபாட்டாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க முடியாது. பூ ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக, ஒன்றுக்குச் சொன்ன குணத்தை மற்றதற்கு எழுதிவிடுவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இந்த ஊரில் ஒரு கீரைக் கடையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கட்டி வைத்திருந்த கட்டைப் பிரித்துப் பார்த்து, அத்தனையும் மூன்று மடல் இலை என்று கண்டிருக்கிறேன். விற்றவருக்குத் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது.

என் எல்லையையும் சொல்ல வேண்டும். நான் செடியை அடையாளம் காணப் படித்தவன், மருத்துவன் இல்லை. ட்ரைலோபாட்டா விஷம் என்று நான் சொல்லவில்லை. அது நம் கீரை இல்லை, கரிசலாங்கண்ணிக்குச் சொன்ன எந்த அளவும் பக்குவமும் அதற்குப் பொருந்தாது என்பதுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. அப்புறம், அடுக்ககத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பார்கள், சாக்கடை கலக்கும் ஏரிக்கரையில் அசல் கரிசலாங்கண்ணியே வளர்ந்தாலும் அது அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்கிறது. சரியான இனம் என்று தெரிந்துவிட்டால் மட்டும் சாப்பிடத் தகுந்ததாகிவிடாது. கல்லீரலுக்காகவோ வேறு நோய்க்காகவோ என்றால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செடியையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

படத்தை வைத்து நான் சொன்னதை நீங்களே சரிபார்க்க முடியும். நாளைக் காலையில் கீழே போய், படர்ந்த தண்டின் நடுவிலிருந்து ஒரு முழம் நறுக்கி எடுங்கள். முதிர்ந்த இலை ஒன்றை மேல்பக்கம் ஒரு படம், கீழ்ப்பக்கம் ஒரு படம். கணுவில் வேர் விட்டிருக்கும் இடம் ஒரு படம். பூவைப் பக்கவாட்டில், பச்சைச் செதில்கள் தெரியும்படி ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். இந்த நான்கையும் அனுப்பினால் இப்போதைவிட உறுதியாகச் சொல்வேன். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் புத்தக அடுக்கின் கீழ் ஒரு வாரம் அழுத்தி உலர்த்துங்கள். தாளைத் தினம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பறித்த இடமும் தேதியும், உலர்ந்தபின் மறைந்துவிடும் என்பதால் பூவின் நிறமும் ஒரு சீட்டில் எழுதி, ஹெர்பேரியம் உள்ள ஏதாவது கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டலாம்.

மீதித் தண்டுகளை ஏரிப் பக்கமோ காலி மனையிலோ வீசிவிடாதீர்கள். இந்தச் செடி விதையைவிடத் துண்டுகளால்தான் பரவுகிறது, ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும். உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. வெயிலில் சருகாகக் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள். அம்மாவுக்கு உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி வேண்டுமென்றால், ஊரில் தெரிந்தவர் வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு கணு உள்ள ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். ஈரமண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது இலையை அம்மாவே ஒரு முறை தடவிப் பார்க்கட்டும்.